ஹப்பைத் திறக்கும் முன்

இந்தப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ஹப்பை எப்படிக் கழற்றுவது, பேரிங்கை எப்படி இறக்குவது, ஆயில் சீலை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்பதையெல்லாம் மற்றவர்கள் காட்டித் தந்திருப்பார்கள். கை பழகினால் அது வந்துவிடும். நான் அதைப் பேச வரவில்லை. ஒரு பகல் முழுக்க ஒரு லாரியோடு மலை ரோட்டில் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்ல வந்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ராணுவத்தில் காலம் முடிந்த லாரிகளை ஏலத்தில் விடுவார்கள். நம் பக்கத்து ஆட்கள் வடக்கே போய் எடுத்துக்கொண்டு வருவார்கள். உறுதியான வண்டிகள். சேற்றிலும் மணலிலும் பாரம் இழுக்கவென்றே செய்தவை. அதனால் ஆக்சில் சுற்றுகிற வேகம் அப்படியே சக்கரத்துக்குப் போகாது. சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்புக்குள் இன்னொரு ஜோடி கியர் இருக்கும். அது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும். தார் ரோட்டுக்கு வந்தால் அதுவே தொல்லை. எஞ்சின் தொண்டை கிழியக் கத்தும், வண்டி மட்டும் மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும்.

பீளமேட்டில் பழைய மில் சுவருக்குப் பின்னால் இருந்த எங்கள் பட்டறைக்கு இந்த லாரிகள் வரத் தொடங்கியது அதனால்தான். பழைய ஹப் கியரை எடுத்துவிட்டு வேக கியர் போட்டுத் தருவோம். உக்கடத்தில் கரீம் பாய் பட்டறையில் கியர் வெட்டி வரும். நான் ஃபோர்மேன். என் அப்பாவும் அம்மாவும் உடுமலைப் பக்கம் தோப்புகளில் கூலி வேலை பார்த்தவர்கள். எங்கள் குடும்பத்தில் இரும்பு வேலைக்கு வந்த முதல் ஆள் நான். சூசை என்று கூப்பிடுவார்கள்.

பெருந்துறையிலிருந்து ராஜாமணியக்கா ஒரு ராணுவ லாரியோடு வந்தார். வீட்டுக்காரர் தவறிய பிறகு லாரித் தொழிலைத் தானே எடுத்து நடத்தியவர். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிற இடங்களுக்குக் குழாய் ஏற்றிப் போக அந்த வண்டியை எடுத்திருந்தார். ஓட்டி வந்தவர் நாச்சிமுத்து. என்னைவிடப் பத்து வயது சின்னவர் இருக்கும். பேச்சு குறைவு. ஹாரன் அடிப்பதற்குக்கூட யோசிக்கிற மனிதர்.

"ஏனுங்க தம்பி, பெருந்துறையில இருந்து இங்க வாரதுக்குள்ள பொழுதே போயிருதுங்க. எனக்கு வேகம் வேணுமுங்க" என்றார் அக்கா.

"போட்டுத் தர்றனுங்க அக்கா. ஆனா வேகம் கூடுன அளவுக்குப் புடிப்பு கொறையுமுங்க. எறக்கத்துல எஞ்சின் வண்டியப் புடிச்சு நிறுத்தறது கொறையும். கை பிரேக் புடிக்கறதும் கொறையும்."

"கை பிரேக்கு எதுக்குங்க கொறையோணும்? அதையுமா மாத்தறீங்க?"

நல்ல கேள்வி. பட்டறையில் இருந்த பலருக்கே அது தோன்றியதில்லை.

"இந்த வண்டியில கை பிரேக்கு சக்கரத்துல இல்லீங்க அக்கா. எஞ்சின் பக்கமிருந்து பின்னால போற நடு ஷாஃப்டத்தான் புடிக்குது. ஷாஃப்ட் ஆக்சிலப் புடிக்குது, ஆக்சில் ஹப் கியரப் புடிக்குது, அந்தக் கியர்தான் சக்கரத்தப் புடிக்குது. நடுவுல கியர மாத்துனா புடியும் மாறிப்போகுமுங்க."

அவர் குனிந்து வண்டியின் அடியில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "செரிங்க. நம்ம ஓட்டமெல்லாம் சமதரைதானுங்க. மலைக்கு அனுப்ப மாட்டேன். போட்டுக் குடுங்க."

பின் ஹப் இரண்டிலும் கியரை மாற்றினோம். முன் ஆக்சில் ஒரு கணக்கிலும் பின் ஆக்சில் வேறு கணக்கிலும் சுற்றினால் ஒன்றையொன்று இழுத்து உடைத்துக்கொள்ளும் என்பதால், முன்னால் போகிற ஷாஃப்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டோம். எடுத்த பழைய கியர்களுக்குக் கிரீஸ் பூசி, சாக்கில் சுற்றி, கூரையை ஒட்டிய அட்டாலிப் பரணில் போட்டோம். கழற்றிய ஒரிஜினலை அந்த வண்டி ஓடுகிற வரைக்கும் பழைய இரும்பு எடைக்குப் போடக் கூடாது என்பது எங்கள் முதலாளியின் கட்டளை. வேலை நடந்த நேரமெல்லாம் நாச்சிமுத்து பக்கத்திலேயே குந்தியிருந்தார். நான் அக்காவிடம் சொன்னதை அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு வருடத்துக்கு மேல் அந்த வண்டியைப் பற்றி ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு மழைக்காலம் முடிகிற சமயத்தில், காலையில் பட்டறைக்குப் போன் வந்தது.

"சூசை தம்பிங்களா? நாச்சிமுத்து மலையில வண்டிய நடு ரோட்டுல நிறுத்திப் போட்டானுங்க. எறக்க மாட்டேங்கறான். எஸ்டேட்டு ஆபீசுல இருந்து இப்பத்தான் கூப்புட்டுச் சொன்னாங்க."

"மலைக்கா அனுப்புனீங்க அக்கா?"

"ஆமாங்க. மழைல போர் வேலை நின்னுபோச்சு, வண்டி சும்மா கெடந்துது. மரம் ஏத்த ஒரு கான்ட்ராக்டர் கேட்டாரு. நீங்க சொன்னத நான் மறக்கலீங்க தம்பி. மறந்த மாதிரி இருந்துபோட்டேன். இப்ப என்ன பண்ணோணும், சொல்லுங்க."

அட்டாலியிலிருந்து சாக்கை இறக்கினேன். நானும் எங்கள் மெக்கானிக் ரத்தினமும் வேனில் கிளம்பினோம். ராஜாமணியக்கா பொள்ளாச்சிக்கு பஸ்ஸில் வந்து எங்களோடு சேர்ந்துகொண்டார்.

மலை மேல் நடந்தது இது. காலி வண்டி ஏறும்போது ஒரு சிரமமும் இல்லை. மரத்தடிகளை ஏற்றிக்கொண்டு இறங்கிய முதல் வளைவிலேயே, எஞ்சின் வண்டியைப் பிடிக்கவில்லை என்று நாச்சிமுத்துவுக்குத் தெரிந்துவிட்டது. கால் பிரேக்கை மிதித்து மிதித்தே இறக்கியிருக்கிறார். கொஞ்ச தூரத்தில் கருகல் வாசனை வந்து, பெடல் ஆழமாக இறங்கத் தொடங்கியிருக்கிறது. பிரேக் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே வண்டியை நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, முன் சக்கரங்களுக்குப் பெரிய கல்லாகக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். மரக் கான்ட்ராக்டர் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார். நாச்சிமுத்து ரோட்டோரம் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

நாம் பெரும்பாலும் பிரேக் முழுக்கப் போன பிறகு வண்டியைக் காப்பாற்றியவனைத்தான் கொண்டாடுகிறோம். பிரேக் மிச்சம் இருக்கும்போதே நிறுத்தியவனைப் பயந்தாங்கொள்ளி என்கிறோம். எந்தப் பட்டறைக்குப் போனாலும் இந்தப் பேச்சு உங்கள் காதில் விழும். அதை நம்பாதீர்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, இன்னொரு பக்கம் பள்ளம். ஜல்லி பெயர்ந்த குறுகலான ரோடு. லாரி இறக்கம் பார்த்து நின்றது. அதற்கு முன்னால் ரோடு திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்கு நேர் கீழே, தொழிலாளர்கள் குடியிருக்கிற லைன் வீடுகள். தகரக் கூரைகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது மேலிருந்தே தெரிந்தது. லாரிக்குப் பின்னால் பறித்த தேயிலையோடு எஸ்டேட் வண்டிகள் நின்றன. எஸ்டேட் மேனேஜர் பொறுமை இழந்து நின்றார்.

"ஃபோர்மேன், எலை இப்படியே நின்னா வாடிப்போகும். சட்டுனு கியர மாத்தி வண்டிய எடுங்க" என்றார்.

"மொதல்ல மரத்த எறக்கோணுமுங்க சார். அப்புறந்தான் ஹப்பத் தொறப்பேன்."

"மரத்த எறக்க அரை நாள் ஆகும். நீங்க கியர் மாத்த வந்தீங்களா, மரம் எறக்க வந்தீங்களா?"

"சார், இப்ப இந்த வண்டியப் புடிச்சிருக்கறதே அந்தக் கியர்தானுங்க. அதையே கழட்டிப்போட்டா அப்புறம் எது புடிக்கும்?"

அவருக்குப் புரியவில்லை. கை பிரேக் போட்டிருக்கிறதே என்றார். நான் விளக்க ஆரம்பித்தேன். மேலே வெட்டு நடக்கிற இடத்தில் மரம் இழுக்கிற வயர் ரோப் இருக்கிறது, அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று கேட்டேன். ரத்தினம் இன்னும் வேனிலிருந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில் மரக் கான்ட்ராக்டரின் ஆள் ஒருவர், கெட்ட எண்ணத்தில் இல்லை, எங்களுக்காக ஒரு வேலையை முடித்து வைக்கலாம் என்று நினைத்து, பின் சக்கரத்துக்கு ஜாக்கி வைத்துத் தூக்கத் தொடங்கியிருந்தார். நாங்கள் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஷாஃப்டைப் பிடிக்கிற கை பிரேக்கில் இதுதான் ஆபத்து. ஒரு பின் சக்கரம் தரையை விட்டு எழும்பிச் சுற்ற இடம் கிடைத்துவிட்டால், மற்ற சக்கரமும் பிடியிலிருந்து விடுபட்டுவிடும். லாரி நகர்ந்தது. சத்தமே இல்லாமல் நகர்ந்தது. முன் சக்கரத்துக் கல் நொறுங்கியது. ஜாக்கி சாய்ந்தது, அந்த ஆள் துள்ளி விலகினார், காற்றில் சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் தரையில் விழுந்த வேகத்தில் ஹப்புக்குள் ஏதோ முறிந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். கியரின் பல் போய்விட்டது. இனி கை பிரேக்கை யார் எவ்வளவு இழுத்தாலும் அது வெறும் இரும்புக் கம்பிதான்.

ரோட்டோரம் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து எப்போது எழுந்தார், எப்போது ஓடினார் என்று நான் பார்க்கவில்லை. கதவைத் திறந்து உள்ளே தாவியதைத்தான் பார்த்தேன். லாரி திருப்பத்தின் விளிம்புக்குக் கொஞ்சம் முன்னால் குலுங்கி நின்றது. கால் பிரேக் ஆறியிருந்தது. பிடித்துக்கொண்டது.

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். குதி என்றார்கள் சிலர். விடாதே என்றார்கள் சிலர்.

நான் ஜன்னலுக்குப் போனேன். அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, முதுகை சீட்டில் அழுத்தி, வலது காலை முழுக்க நீட்டி மிதித்திருந்தார். பிரேக்குக்குப் பலம் கிடைக்க எஞ்சினை ஓட விட்டிருந்தார்.

"ஏனுங்ணா, பெடல் நிக்குதுங்க. ஆனா மெதுவா எறங்குதுங்க" என்றார்.

எங்கேயோ எண்ணெய் கசிகிறது. சூடேறியபோது பிரேக் எண்ணெயைத் தடுக்கிற ரப்பர் வாஷர் ஒன்று போயிருக்கலாம். பெடல் அடிவரை இறங்குவதற்குள் காலை ஒருமுறை எடுத்து மறுபடி மிதிக்க வேண்டும். எடுத்த அந்தக் கணத்தில் லாரியைப் பிடிக்க ஒன்றும் கிடையாது, இனி சக்கரத்துக்குக் கொடுக்கப்போகிற கற்களைத் தவிர.

கட்டையை வைத்துப் பெடலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு ஆளை இறக்கியிருக்கலாமே என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். பெடல் இறங்குகிறது என்று கட்டைக்குத் தெரியாது. காலுக்குத்தான் தெரியும்.

ரத்தினத்துக்கு என்னைவிடப் பெரிய குரல். வெளியே ஆட்களை வைத்து வேலை வாங்க அவனால் முடியும். "ரத்தினம், நாலு சக்கரத்துக்கும் கல்லு. பெருசு பெருசா. வண்டிக்கு நேர் முன்னால ஒருத்தரும் நிக்கக் கூடாது. ரோப் வந்த ஒடனே மேல அந்தக் காட்டு மரத்துல கட்டு. அப்புறம் மரத்த எறக்கு, பின்னால இருந்து, ஒவ்வொண்ணா. குலுக்காத" என்றேன். பிறகு அந்தப் பக்கம் சுற்றிப் போய், கதவைத் திறந்து, நாச்சிமுத்துவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நீங்க எதுக்குங்ணா ஏறுனீங்க? எறங்கிருங்க."

"ரத்தினம் வெளிய இருந்து சொல்றத உங்களுக்கு ஆரு சொல்லுவாங்க? எஞ்சின் சத்தத்துல கேக்காதுங்க."

அது பாதி உண்மை. ஒரு மனிதர் தன் காலால் ஒரு லாரியைப் பிடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும்போது, வெளியே நின்று அவருக்கு யோசனை சொல்ல என்னால் முடியவில்லை. மிச்சப் பாதி அதுதான்.

"நான் குதின்னு சொன்னா குதிச்சிரோணுமுங்க நாச்சிமுத்து."

"குதிச்சா, கீழ இருக்கற ஊடுக?"

முன் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தேன். மேனேஜர் சரிவில் ஓடிக்கொண்டிருந்தார். சற்று முன்பு என்னிடம் சண்டை போட்ட அதே மனிதர், காலணி வழுக்க வழுக்க லைன் வீடுகளுக்கு இறங்கி, கதவு கதவாகத் தட்டினார். கிழவர்களையும் குழந்தைகளையும் வெளியே கூட்டிவந்து அந்தப் பக்கத்து மேட்டில் ஏற்றினார். படுத்த படுக்கையாக இருந்த ஒருவரைக் கட்டிலோடு தூக்கினார்கள். கட்டிலின் ஒரு காலை மேனேஜரும் பிடித்திருந்தார்.

ராஜாமணியக்கா ரோட்டின் மேட்டுப் பக்கம், கதவுக்கு நேராக, நாச்சிமுத்து கண்ணில் படுகிற இடத்தில் வந்து நின்றார். "தள்ளிப் போங்க அக்கா" என்று கத்தினேன்.

"போக மாட்டனுங்க. அவன அனுப்புனது நானு. அவன் கண்ணுல நான் பட்டுட்டே இருக்கோணும்" என்றார். பிறகு அவரிடம், "கண்ணு, நான் இங்கயேதான் நிக்கறேன். எங்கயும் போகல" என்றார்.

நாச்சிமுத்து தலையை மட்டும் அசைத்தார்.

முதல் முறை பெடல் அடியைத் தொட வந்தபோது அவர் சொன்னார். நான் ரத்தினத்துக்குக் கையைக் காட்டினேன். நான்கு சக்கரத்துக் கல்லையும் சம்மட்டியால் அடித்து இறுக்கினார்கள். "எடுங்க" என்றேன். காலை எடுத்து மிதித்தார். அந்தக் கண்ணிமைப்பில் லாரி முன்னால் சாய்ந்து கல்லில் உட்கார்ந்தது. பிறகு நின்றது. அதற்குப் பிறகு எத்தனை முறை அப்படிச் செய்தோம் என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் முதல் முறை மாதிரியே இருந்தது. பழகிப்போகும் என்று நினைத்தேன். பழகவில்லை.

ரோப் வந்தது. கட்டினார்கள். மரத்தடிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் இறங்கின. ஜாக்கி வைத்த அந்த ஆள்தான் எல்லோருக்கும் முன்னால் தோள் கொடுத்தார். ஒவ்வொரு தடி இறங்கும்போதும் வண்டி ஒரு முனகு முனகும். நாச்சிமுத்துவின் தொடை நடுங்கத் தொடங்கியது. பிறகு இடுப்பு வரைக்கும் நடுங்கியது. நான் என் கையை அவர் முழங்காலின் மேல் வைத்து அழுத்திக்கொண்டேன். அதனால் வண்டிக்கு ஒரு பலனும் இல்லை. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நடுவில் ஒரு தடவை அவராகவே பேசினார். "அன்னைக்கு நீங்க அக்காகிட்டச் சொன்னீங்கல்ல, கை பிரேக்கு எப்படிப் புடிக்குதுன்னு. அத நான் கேட்டுட்டு இருந்தனுங்க. அதனாலதான் நிறுத்துனேன். கேக்காம இருந்திருந்தா, கை பிரேக்கு இருக்குதுங்கற தைரியத்துல எறக்கியிருப்பேன்."

கடைசித் தடி இறங்கிய பிறகு, ரோப்பை இறுக்கி, சக்கரங்களுக்கு முன்னால் குழி பறித்து, ரத்தினம் ஜன்னலுக்கு வந்து, "அண்ணா, விடலாமுங்க" என்றான். நான் நாச்சிமுத்துவிடம் சொன்னேன். அவரும் எடுக்கத்தான் பார்த்தார். கால் வரவில்லை. நான் குனிந்து இரண்டு கையாலும் அவர் பாதத்தைப் பிடித்துத் தூக்கிப் பெடலிலிருந்து எடுத்தேன். லாரி அசையவில்லை. ராஜாமணியக்கா அப்போதுதான் ரோட்டில் உட்கார்ந்தார்.

அடுத்த நாள், காலி வண்டியில், கட்டியது கட்டியபடியே இருக்க, பழைய கியர்களைப் போட்டோம். முறிந்த பல்லின் துண்டுகளைத் துணியில் கட்டி எடுத்துவந்து கரீம் பாயிடம் காட்டினேன். அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பல்லு மேல குத்தமில்ல சூசை. எந்தப் பல்லா இருந்தாலும் அந்த அடிக்குப் போயிருக்கும்" என்றார். அப்புறமும் அதைக் கீழே வைக்கவில்லை. "ஆனா நம்ம வேலை, பல்லு செரியா வெட்டுனதோட முடிஞ்சிருதா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு, சக்கரத்தையே நேராகப் பிடிக்கிற கை பிரேக் போடச் சம்மதிக்காதவர் வண்டிக்கு எங்கள் பட்டறையில் வேக கியர் போடவில்லை. அவரும் வெட்டித் தரவில்லை. நிறைய லாரிக்காரர்கள் எங்களைப் பைத்தியக்காரர்கள் என்று சொல்லிவிட்டு வேறு பட்டறைக்குப் போனார்கள். முதலாளி எங்களைத் தடுக்கவில்லை.

நீங்களும் நாளைக்கு ஒரு ஹப்புக்கு முன்னால் உட்காருவீர்கள். பின்னால் யாராவது நின்றுகொண்டு அவசரப்படுத்துவார்கள். அவர்களுக்கும் உண்மையான அவசரம் இருக்கும். அந்த மேனேஜருக்கு இருந்தது. இந்த வண்டியை இப்போது எது பிடித்து நிறுத்தியிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பதில் தெரிகிற வரைக்கும் ஸ்பேனரை எடுக்காதீர்கள். நீங்கள் பதில் தேடுகிற நேரத்தில் வேறு யாரும் எடுக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டிக்காரரிடம் ஆபத்தைச் சொல்லும்போது ஓட்டுகிறவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

அன்று மலை மேல் கியர் போட்டு முடிந்ததும் வண்டியை யார் இறக்குவது என்ற பேச்சு வந்தது. வேறு டிரைவர் வரச் சொல்கிறேன் என்றார் ராஜாமணியக்கா. நாச்சிமுத்து வேண்டாம் என்றார். "புதுசா ஒருத்தரு வந்தா இந்த வண்டி என்ன பண்ணுமுன்னு அவருக்குத் தெரியாதுங்க. நானே எறக்கறேன். அதுக்கப்புறம் இதுல ஏற மாட்டனுங்க."

"செரி கண்ணு. ஆரையுமே இதுல ஏத்த மாட்டேன்" என்றார் அக்கா. சொன்னபடியே செய்தார்.

பிரேக் வாஷரை மாற்றியிருந்தோம். நான் மறுபடி பக்கத்தில் ஏறினேன். லைன் வீடுகளைத் தாண்டும்போது ஜனங்கள் இரண்டு பக்கமும் வாசலில் நின்றார்கள். யாரும் கை தட்டவில்லை, கூப்பிடவில்லை. சும்மா நின்றார்கள். நாச்சிமுத்து அவர்களைப் பார்க்கவில்லை. கண் ரோட்டிலேயே இருந்தது. வண்டி கனைத்துக்கொண்டு, பழைய நடையில், ஒவ்வொரு வளைவாக இறங்கியது. எஞ்சின் பிடித்தது.

அடிவாரத்தில் ரோடு சமமாகிற இடத்தில் ஒரு மைதானம் இருந்தது. அங்கே நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். கை பிரேக்கை இழுத்தார். பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தார். கீழே பார்த்தேன். கால் பெடலிலேயே இருந்தது.

"போதுமுங்க நாச்சிமுத்து. சமதரை" என்றேன்.

"தெரியுமுங்ணா" என்றார். காலை எடுக்கவில்லை.

நான் இறங்கிப் போனேன். அந்தச் சமதரையில், நான்கு சக்கரத்துக்கும் முன்னாலும் பின்னாலும் கல் தேடி வைத்தேன். திரும்பி வந்து ஜன்னலில் நின்று, வைத்துவிட்டேன் என்று சொன்னேன். அதன் பிறகுதான் எடுத்தார்.